காற்றுக்கு வழி வைத்த வண்டி

முதலில் எடையைப் பேசிவிடலாம். வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது விலையை. கேட்க வேண்டியது எடையை.

நான் கட்டியிருப்பது இரண்டு பேர் படுத்து உறங்கும் அளவில் ஒரு முகாம் வண்டி. காருக்குப் பின்னால் கோத்து இழுத்துக்கொண்டு போகலாம். உள்ளே மெத்தை மட்டும்தான். நிமிர்ந்து நிற்க முடியாது. பின்பக்கக் கதவை மேலே தூக்கினால் அடுப்பும் சாமான் தட்டுகளும் இருக்கும். சமைப்பவர் வெளியே தரையில் நின்றுதான் சமைக்க வேண்டும். முன்புறம் உருண்டும் பின்புறம் சரிந்தும் இருக்கும் இந்த உருவத்தை டியர்டிராப் டிரெய்லர் என்கிறார்கள். 1930களில் அமெரிக்கர்கள் தாங்களே வீட்டுக் கொல்லையில் கட்டிக்கொள்ளத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, விமானங்களுக்காகச் செய்து மிஞ்சிய அலுமினியத் தகடு மலிவாகச் சந்தைக்கு வந்தபோது இன்னும் பரவியது. 1947இல் அங்கே ஒரு கைத்தொழில் இதழ் இதன் வரைபடத்தையே வெளியிட்டது.

இப்போது இதைக் கிட்டாகவும் விற்கிறார்கள். கிட் என்றால் எல்லாப் பாகங்களையும் கணினி இயந்திரத்தில் வெட்டி, எண் போட்டு, பெட்டியில் அடுக்கி அனுப்பிவிடுவார்கள். பசையும் கண்ணாடி இழைத் துணியும்கூட உள்ளே இருக்கும். நாம் ஒட்டினால் போதும். அந்தப் பெட்டியைக் கடலூருக்கு வரவழைக்கும் கப்பல் கூலியையும் சுங்க வரியையும் கூட்டிப் பார்த்தேன். மரத்தின் விலையைவிட அதன் பயணச் செலவு அதிகம். ஆகவே வரைபடங்களையும், இயந்திரம் படித்து வெட்டுவதற்கான கணினிக் கோப்பையும் மட்டும் விலைக்கு வாங்கினேன். மரம் நம் ஊர் மரம். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

வரைந்தவர்கள் ஒக்கூமே என்ற ஆப்பிரிக்க மரத்தின் பிளைவுட்டை மனத்தில் வைத்து வரைந்திருந்தார்கள். நல்ல மரம், லேசான மரம். எட்டுக்கு நான்கு அடிப் பலகை, 6 மி.மீ. கனத்தில், எட்டு ஒன்பது கிலோவுக்குள் அடங்கிவிடும். இங்கே மரைன் பிளைவுட் என்று கேட்டால் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை போட்ட பலகையைக் கொடுப்பார்கள். நான் வாங்கியது குர்ஜன் மரத் தகடுகளால் ஆனது. அதே அளவுப் பலகை பன்னிரண்டு கிலோவைத் தொடுகிறது. முழு உடலுக்கும் கணக்குப் போட்டால், வரைபடம் சொன்ன எடையைப் போல ஒன்றரைப் பங்கு.

பலகையைக் குறை சொல்லவில்லை. அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஒரு துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டு வைத்தாலும் அடுக்குகள் பிரியக் கூடாது என்பது அந்தத் தரத்தின் விதி. முத்திரையை மட்டும் நம்பாமல் நானும் ஒரு துண்டை ஒரு பகல் முழுக்க அடுப்பில் ஏற்றி வைத்தேன். மனைவி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "பிளைவுட் சாம்பாருக்குப் பெருங்காயம் போட்டாயிற்றா?" என்று கேட்டாள். துண்டு பிழைத்தது. பாத்திரத்தின் பழுப்புக் கறை இன்றுவரை போகவில்லை.

எடையைக் குறைப்பதற்காக, வெட்டுவதற்கு முன்பே பலவற்றைக் கழித்துவிட்டேன். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இருந்த மர அலமாரிகள் போயின. அந்த இடத்தில் கித்தானில் தைத்த பைகள் தொங்குகின்றன. தரையின் கனத்த பலகையை மெல்லியதாக்கி, அடியில் குறுக்குச் சட்டங்கள் கொடுத்தேன். பின்பக்க அடுப்படியின் தட்டுகளில் பாதியை எடுத்தேன். நமக்கு வேண்டியது ஒரு குக்கர் விசில் அடிக்கிற உயரம், பல தட்டுகள் அல்ல. வரைந்தவர்கள் ரொட்டியைச் சூடாக்கி முட்டையை உடைத்து ஊற்றிச் சாப்பிடுகிறவர்கள் போலும். தாளிக்கிற குடும்பத்துக்கு வேறு கணக்கு.

வெட்டுவதற்காகப் புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் போனேன். அங்கே நான் கண்டுபிடித்த கடையில் கணினி வெட்டு இயந்திரம் பெரும்பாலும் பூஜை அறைக் கதவுகளுக்குத்தான் ஓடுகிறது. இயந்திரத்தின் அருகில் நின்ற இளைஞர் திரையில் பக்கவாட்டுப் பலகையைப் பார்த்துவிட்டு, "சார், இது மீனா?" என்றார். வண்டி என்றேன். அதன் பிறகு அவர் காட்டிய அக்கறைக்குக் கூலி போதாது. பலகையில் 6 என்று அச்சிட்டிருந்தது. கனம் அளக்கும் வெர்னியர் வேறு சொன்னது. ஒரே பலகையின் இரண்டு மூலைகள் இரண்டு அளவு காட்டின. பலகை செருகும் காடிகள் எல்லாம் அச்சு அசலான 6 மி.மீட்டருக்கு வரையப்பட்டவை. அப்படியே வெட்டியிருந்தால் பலகைகள் காடிக்குள் லொடலொடவென்று ஆடியிருக்கும். அவர்தான் உட்கார்ந்து ஒவ்வொரு காடியையும் கோப்பில் திருத்தினார். கிட் வாங்கினால் கைவேலை தெரிய வேண்டாம் என்று விளம்பரத்தில் சொல்வார்கள். யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும்.

வெட்டிய பலகைகளின் ஓரங்களில் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். இரண்டு பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, துளைகளில் செம்புக் கம்பியை நுழைத்து முறுக்க வேண்டும். முறுக்க முறுக்கத் தட்டைப் பலகைகள் வளைந்து தாமே உருவம் கொள்கின்றன. அந்த ஒரு மாலை நேரத்துக்காகவே இந்த வேலையை இன்னொரு முறை செய்யலாம். பிறகு எபாக்சி என்ற பசையில் மரத்தூளைக் குழைத்து உள்மூலைகளில் பூசி, மேலே கண்ணாடி இழைப் பட்டை ஒட்டி, காய்ந்ததும் கம்பிகளை உருவிவிடலாம். ஆணி கிடையாது. இது படகு கட்டும் முறை. ஜாக் ஹோல்ட் என்ற படகு வடிவமைப்பாளரும் பேரி பக்னல் என்ற தொலைக்காட்சிக் கைவேலைக்காரரும் சேர்ந்து உருவாக்கிய மிரர் என்ற சிறு பாய்மரப் படகு 1963இல் இங்கிலாந்தில் இப்படித்தான் கிட்டாக வெளிவந்தது. 70,000-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டிருக்கின்றன. கட்டியவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் படகு கட்டியே அறியாதவர்கள்.

இந்தக் கதையைக் கடலூர் முதுநகரில் ஒரு பெரியவரிடம் பெருமையாகச் சொன்னேன். மரப் படகில் தொழில் தொடங்கி, ஃபைபர் படகுக்கு மாறி, இப்போது மகன் கையில் பட்டறையை ஒப்படைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருப்பவர். "பலகையைத் தைப்பதை வெள்ளைக்காரன் 1963லா கண்டுபிடித்தான்?" என்றார். மேலே ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. சென்னை, புதுச்சேரி, கடலூர்க் கரைகளில் கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு நின்ற காலத்தில், ஆட்களையும் சரக்கையும் அலை கடந்து கரைக்குக் கொண்டுவந்தவை மசூலா படகுகள். அவற்றின் பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால்தான் தைத்தார்கள். ஆணி அடித்த படகு கரையில் மோதினால் விட்டுப்போகும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். இங்கிலாந்துக்காரர்கள் கம்பியால் தைத்துப் பசையால் இறுக்கினார்கள். நெளியும் குணம் போய் விறைப்பு வந்தது. அது வேறு பொறியியல். ஆனாலும் பெரியவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

அன்றுமுதல் அவர் என் பட்டறைக்கு வந்து போகத் தொடங்கினார். பட்டறை என்பது குண்டுஉப்பலவாடியில் ஒரு நண்பருடைய தகரக் கொட்டகை. பெரியவருக்கும் எனக்கும் முதல் சண்டை ரெசினில், அதாவது ஒட்டும் பிசினில், வந்தது. படகுப் பட்டறைகளில் பாலியஸ்டர் ரெசின்தான் புழக்கம்: விலை குறைவு, கோபால்ட் கலந்து, கேடலிஸ்ட் ஊற்றினால் மளமளவென்று இறுகும். கோபால்ட்டையும் கேடலிஸ்ட்டையும் நேரடியாகச் சேர்த்தால் வெடிக்கும் என்பதை வேலைக்குச் சேரும் பையனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். எபாக்சியின் விலையைக் கேட்டதும் அவர், "தம்பி, நகைக்கடையில் வாங்கினீர்களா?" என்றார். ஃபைபர் மேல் ஃபைபர் ஒட்டுவதற்குப் பாலியஸ்டர் போதும். மரத்தோடு ஒட்டுவதற்கு எபாக்சியின் பிடி வேறு. மிச்சத் துண்டுகளில் இரண்டையும் ஒட்டிச் சில வாரம் வெயிலிலும் நீரிலும் மாற்றி மாற்றிப் போட்டு, உளியால் பிளந்து காட்டினேன். பாலியஸ்டர் பட்டை உரித்தால் கையோடு வந்தது. எபாக்சி மரத்தின் நாரைப் பிய்த்துக்கொண்டு வந்தது. தலையை ஆட்டினார். "விலைக்கு ஏற்ற வேலை" என்பதற்கு மேல் பாராட்டு கிடைக்கவில்லை.

எபாக்சி குளிர் நாட்டுப் பொருள்போலவே நடந்துகொள்கிறது. கலந்ததும் தானே சூடேறும். வெளிச்சூடு பத்து டிகிரி ஏறினால் வேலை நேரம் ஏறத்தாழப் பாதியாகும். உறையில் அரை மணி என்று போட்டிருப்பது சித்திரை மாதக் கடலூரில் பத்து நிமிடம்கூட நிற்காது. ஆழமான டப்பாவில் விட்டால் புகைகிறது. அகலத் தட்டில் பரப்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கப் பழகிக்கொண்டேன். காலையில் பூசினாலும் தொல்லை: வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூச்சில் குமிழ் குமிழாக எழும். சூடு இறங்கும் வேளையில் பூசினால் மரம் பசையை உள்ளே இழுத்துக்கொள்ளும். எனவே வேலை தினமும் மாலை நான்கு மணிக்கு மேல். அந்த நேரத்தில் கடற்காற்று ஈரத்தோடு வருவதால் பூச்சின் மேல் மறுநாள் மெழுகு போன்ற ஒரு படலம் படிந்திருக்கும். வெந்நீரில் துடைத்துவிட்டுத்தான் அடுத்த பூச்சு. துடைக்காவிட்டால் அது ஒட்டாது.

உடல் பெட்டியாகச் சேர்ந்து, கதவுகளுக்கு இடம் வெட்டாமல் நின்றிருந்தபோது மழைக்காலம் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதைவிடக் கடலூரை வருத்தியது அடுத்து வந்த தென்பெண்ணை வெள்ளம். ஆற்றோரக் கிராமங்களில் வீட்டுச் சாமான்களை இழந்தவர்கள் பலர். அவர்களுக்கு முன்னால் என் கதையைச் சொல்லவே கூச்சம். ஆனாலும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கொட்டகைக்குள் தண்ணீர் வடிந்து நாங்கள் போய்ப் பார்த்தபோது, மரத் தாங்கிகள் கவிழ்ந்து கிடந்தன. பெட்டி எதிர்ச்சுவர் ஓரமாகப் போய் நேராக உட்கார்ந்திருந்தது. உள்ளே சேறு இல்லை. மிதந்திருக்கிறது. பெரியவர் அடிப்பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சக்கரம் வேண்டாம், துடுப்பு வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்.

இனி இந்தக் கட்டுரைக்குக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். அது காற்று.

வரைபடத்தில் இந்த வண்டி ஒரு மூடிய பெட்டி. கூரையிலும் சுவரிலும் ஓர் அங்குல நுரைத்தாள், கதவுகளில் திறவாத கண்ணாடி, உச்சியில் ஒரே ஒரு காற்றுத் திறப்பு. அதன் கவலையெல்லாம் வெளியே இருக்கும் குளிர் உள்ளே வரக் கூடாது என்பது. கதவு வெட்டி முடித்ததும், வரைபடத்தின்படியே உச்சித் திறப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் இரவு உள்ளே படுத்துப் பார்த்தேன். கோடைகூட இல்லை, தை மாதம். இட்லிக் கொப்பரைக்குள் வேகிற மாவுக்கு என்ன தோன்றும் என்பது நடு இரவில் தெரிந்தது. இரண்டு பேர் உறங்கும்போது மூச்சிலும் வியர்வையிலும் வெளியேறும் நீர் ஓர் இரவில் அரை லிட்டரை எளிதில் தாண்டும். வறண்ட நாட்டில் அந்த ஈரத்தைக் காற்று குடித்துவிடும். கடலோரத்தில் காற்றே வயிறு நிறையக் குடித்துவிட்டுத்தான் வருகிறது. போக வழியில்லாத ஈரம் கூரையின் உட்புறத்தில் கோத்து முகத்தில் சொட்டியது.

பலர் சொன்ன யோசனை ஏ.சி. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. ஏ.சி.க்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்கு ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டர் இரைச்சலில் தூங்குவதற்கு வீட்டிலேயே தூங்கலாம். பெரியவரிடம், "ராத்திரியில் காற்று எந்தப் பக்கமிருந்து வரும்?" என்று கேட்டேன்.

"எந்த மாதம்?" என்று திருப்பிக் கேட்டார்.

ஐப்பசி கார்த்திகையில் வாடை, வடக்கிலிருந்து. கோடை மாலைகளில் சோழகம், தெற்கிலிருந்து. பகல் சாயும்போது கடலிலிருந்து வருவது ஒன்று. விடியற்காலையில் தரை குளிர்ந்து கரையிலிருந்து கடலுக்குப் போவது ஒன்று. அந்தக் கரைக்காற்றை நம்பித்தான் பாய் விரித்த காலத்தில் இருட்டிலேயே கடலுக்குப் போவார்கள் என்றார். ஆக, ஒரே இரவில் காற்று இரண்டு பக்கம் மாறும். ஆண்டில் நான்கு பக்கமும் மாறும். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் பெட்டியை எப்படி நிறுத்தினாலும் பாதி இரவு வீண்.

அதனால் நான்கு பக்கமும் திறந்தேன். கதவுகளின் கீழ்ப்பாதியில் சாய்வான மரப் பட்டிகள் வைத்தேன். புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சு வீடுகளின் ஜன்னல்களில் இருப்பவைதான்: மழை உள்ளே வராது, பார்வையும் வராது, காற்று வரும். முன்புற உருட்டில், தலைமாட்டுக்கு மேலே, மேல்நோக்கித் தூக்கித் திறக்கும் ஒரு பலகணி. பின் அடுப்படிக்கும் படுக்கைக்கும் நடுவில் இருந்த தடுப்புப் பலகையில் ஓர் அடி அகலத்துக்கு வலை. உச்சித் திறப்பை இரட்டிப்பாக்கி, வெப்பக்காற்றை வெளியே தள்ளும் சிறு விசிறி ஒன்றைப் பொருத்தினேன். கீழே குளிர்ந்த காற்று நுழைய வழியும் மேலே சூடான காற்று வெளியேற வழியும் இருந்தால், வெளியே இலை அசையாத இரவிலும் உள்ளே ஒரு மெல்லிய நகர்வு இருந்துகொண்டே இருக்கும். எல்லாத் திறப்புக்கும் கொசுவலை. கடலூர்க் கொசுவைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு விளக்கிப் பயனில்லை.

திறப்பு வெட்டினால் இழப்பும் உண்டு. ஆணியோ சட்டமோ இல்லாத இந்த உடலுக்கு அதன் தோல்தான் எலும்பு. தோலில் துளை போட்டால் துளையைச் சுற்றி விளிம்புச் சட்டம் ஒட்ட வேண்டும். அது எடை. அலமாரிகளைக் கழித்துச் சேமித்த கிலோக்களில் பாதியைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டேன். சுவரில் இருந்த நுரைத்தாளை நீக்கியதில் கொஞ்சம் திரும்பி வந்தது. கூரையில் மட்டும் நுரையை வைத்துக்கொண்டேன், அது பகல் வெயிலுக்காக. கூரையின் மேல் பளபளக்கும் அலுமினியத் தகடு போடச் சொன்னது வரைபடம். பூசாத அலுமினியம் வெயிலைத் திருப்பி அனுப்பும், உண்மைதான்; ஆனால் உள்வாங்கிய கொஞ்சச் சூட்டை எளிதில் வெளியே விடாது, தொட்டால் சுடும். அதன் மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்தேன். படத்தில் பார்க்க அழகு குறைவு. மத்தியானம் கை வைத்துப் பார்த்தால் அழகு புரியும்.

மின்சாரம் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கூரையில் 100 வாட் சூரியத் தகடு, 12 வோல்ட் லித்தியம் பேட்டரி, இரண்டு விசிறி, இரண்டு விளக்கு. 2011 கடைசியில் அடித்த ‘தானே’ புயலுக்குப் பிறகு பல நாள் இருட்டில் இருந்த ஊர் இது. 12 வோல்ட் விசிறி எங்கே கிடைக்கும் என்று இங்கே யாரையும் கேட்க வேண்டாம். எரிவாயு 5 கிலோ சிலிண்டர், பின் அடுப்படியில் வெளிப்புறமாக. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். அதனால் சிலிண்டர் நிற்கும் இடத்தின் தரையிலேயே திறப்பு விட்டிருக்கிறேன். இதை வரைபடமும் சொல்கிறது. நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும்.

சக்கரத்தின் மேல் ஏற்றியபோது பழைய பாடம் ஒன்று திரும்ப வந்தது. இழுவை வண்டியின் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் முன்கொக்கியின் மேல் அமர வேண்டும். குறைந்தால் வேகத்தில் வால் ஆடும். ஆட்டம் கூடினால் இழுக்கும் காரையே திருப்பிவிடும். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் ஓட்டுநர் ஒருவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கொக்கியை ஒரு கையால் தூக்கி, "அண்ணே, பின்பாரம்" என்றார். மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது உடம்பில் ஊறிய அறிவு: முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பும். அடுப்படி, சிலிண்டர், தண்ணீர்க் கேன் எல்லாம் பின்னால் இருந்தன. தண்ணீரைத் தலைமாட்டின் அடிக்கு மாற்றினோம். குளியலறை எடைக் கருவியைக் கொக்கியின் கீழே வைத்துப் பார்த்தேன். முள் சரியான இடத்தில் நின்றது. அவர் எடைக் கருவியைப் பார்க்கவே இல்லை.

பின்னோக்கி ஓட்டவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தால் வண்டி வலது பக்கம் போகும். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, சின்ன வண்டிதான் பெரிய வண்டியைவிடக் கடினம் என்பது. நீளமான கரும்பு டிரெய்லர் மெதுவாகத் திரும்பும், திருத்திக்கொள்ள அவகாசம் தரும். இது கண் சிமிட்டுவதற்குள் மடங்கிக் காரின் பின்பக்கத்தை முட்ட வரும். ஆலை மைதானத்தில் கரும்பு வண்டிகள் வரிசையில் காத்திருந்த ஒரு மாலையில், ஓட்டுநர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க, நான் தேர்வு எழுதினேன். தேர்ச்சி என்றுதான் சொன்னார்கள். சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

சட்டம் கேட்பவர்களுக்கு: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் வாகனம் என்ற சொல்லின் வரையறைக்குள் டிரெய்லரையும் சேர்த்திருக்கிறது. எஞ்சின் இல்லை என்பதால் தப்ப முடியாது. பதிவும் எண்ணும் வேண்டும். வாகனம் தயாரிப்பவர் மாதிரி வண்டியைச் சோதனைக்கு அனுப்பி ஒப்புதல் பெற வேண்டும் என்பதும் விதி. வீட்டுக் கொல்லையில் ஒற்றை வண்டி கட்டுகிறவருக்கு அது நடக்கிற காரியமல்ல. அடிச்சட்டத்தை நானே வெல்டிங் செய்யும் ஆசையை அதனால் விட்டேன். ஒப்புதல் பெற்ற தயாரிப்பாளரிடம் அச்சும் விளக்குகளும் கொக்கியும் சேர்ந்த அடிச்சட்டத்தை வாங்கி, அதன் மேல் உடலை வைத்தேன். கட்ட நினைப்பவர்கள் பசை வாங்கும் முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் போய்ப் பேசுங்கள். காரில் கொக்கி பொருத்துவதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

சட்டத்தைவிடச் சுவாரசியமானது எல்லை. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் முள்ளோடையோடு மாநிலம் மாறுகிறது, மதுவின் விலையும் மாறுகிறது. ஆகவே திரும்பி வரும் ஒவ்வொரு வண்டியும் சந்தேகத்துக்குரியது. ஜன்னலே இல்லாததுபோல் தோன்றும் ஒரு வெள்ளைப் பெட்டியை இழுத்துக்கொண்டு வருகிறவனைப் போலீசார் எப்படிப் பார்ப்பார்கள் என்று விளக்க வேண்டாம். பின்கதவைத் தூக்கிக் காட்டினால் உள்ளே அஞ்சறைப் பெட்டியும் குக்கரும் இருக்கும். ஒரு காவலர் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து கடுகை முகர்ந்தே பார்த்தார்.

இதெல்லாம் எதற்கு என்று என்னிடம் நேராகக் கேட்டவர் அம்மா மட்டும்தான். லாட்ஜ் இல்லையா, சொந்தக்காரர் வீடு இல்லையா? அம்மா பிறந்தது ஸ்ரீமுஷ்ணம். ஆண்டுதோறும் மாசி மகத்துக்குப் பூவராக சுவாமி அங்கிருந்து கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போவார். கிள்ளையில் தர்கா சார்பில் முஸ்லிம்கள் சுவாமிக்கு மரியாதை செய்வது இன்றும் நடக்கிறது. அம்மாவின் சிறுவயதில் அவர்கள் குடும்பம் சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகக் கூண்டு வண்டியில் சுவாமிக்குப் பின்னாலேயே போகும். வைக்கோல் மேல் ஜமுக்காளம், வண்டிக்கு அடியில் கட்டித் தொங்கவிட்ட தவலை, வழியில் புளியமரத்தடியில் சோறு. என் வண்டிக்குள் அம்மாவை உட்கார வைத்தேன். பட்டிகளைத் திறந்து மூடிப் பார்த்தார். மெத்தையைத் தட்டிப் பார்த்தார். "கூண்டு வண்டியில் முன்னும் பின்னும் திறந்திருக்கும். வேர்க்காது. இவ்வளவு பணத்தைக் கொட்டி அங்கேதானே வந்து சேர்ந்தாய்?" என்றார். மூங்கில் பாயை வளைத்துக் கூண்டு போட்டவரிடம் முதலிலேயே போயிருந்தால் எபாக்சிச் செலவு மிஞ்சியிருக்கும் என்பதும் அவர் கருத்து. மெத்தையை எடுத்துவிட்டுக் கோரைப்பாய் போடச் சொன்னார். அதைச் செய்துவிட்டேன். மெத்தையைவிடப் பாய் லேசானது, குளிர்ச்சியானதும்கூட.

இந்த வண்டியோடு நாங்கள் காட்டுக்குள் போய்த் தனிமையில் கூடாரம் அடிப்பதில்லை. அப்படிப்பட்ட காடும் இங்கே இல்லை, அனுமதியும் இல்லை, மனைவிக்கு விருப்பமும் இல்லை. உறவினர் திருமணங்களில் மண்டபத்து மைதானம், திருவிழாக்களில் தெரிந்தவர் தோப்பு, நெடுஞ்சாலையில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் பெட்ரோல் பங்க் என்று கேட்டுக் கேட்டு நிறுத்துகிறோம். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் நிறுத்தினால் மாலையில் காற்று வருவதற்கு முன்பே பிள்ளைகள் வந்துவிடுவார்கள். கழிப்பறை ஒன்றுதான் இதுவரை தீராத கேள்வி. அதற்குப் பெட்டிக்குள் இடமில்லை, எடைக் கணக்கிலும் இடமில்லை.

வீராணம் ஏரிக்கரை அருகே ஒரு காலையில் பின்கதவைத் தூக்கி, மனைவி அடுப்பில் பால் ஏற்றிக்கொண்டிருந்தாள். தூக்கிய கதவு நிழல் பந்தலாக நிற்கும். கீழே அடுப்பு, தட்டில் டம்ளர்கள். அந்த வழியாகச் சைக்கிளில் வந்த இரண்டு பேர் இறங்கி, சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, "அம்மா, ரெண்டு டீ, ஒன்றில் சர்க்கரை கம்மி" என்றார்கள். மறுத்துச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவள் இன்னும் கொஞ்சம் பாலை ஊற்றிவிட்டாள். குடித்தார்கள். நல்ல டீ என்றார்கள். சில்லறையை நீட்டினார்கள்; வாங்கவில்லை என்றதும் குழம்பிப்போய் வண்டியை ஏற இறங்கப் பார்த்தார்கள். சர்க்கரை கம்மிக்காரர் சைக்கிளில் ஏறும்போது, வடையும் போட்டால் இந்த இடத்தில் நன்றாகப் போகும் என்று எனக்கு யோசனை சொல்லிவிட்டுப் போனார். மனைவி வாணலி வைக்க எவ்வளவு உயரம் வேண்டும் என்று அளந்துகொண்டிருந்தாள்.